ஆளில்லாத இருக்கைக்கு அடித்த மணி

நிபுணர் பட்டியலில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இன்ஜினைப் பற்றி நான் ஒன்றும் சொல்லித்தரப் போவதில்லை. ஸ்கேனரைச் செருகினால் வண்டி தன் வியாதியைத் தானே சொல்லிவிடும் காலத்தில் நீங்கள் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். பாலிடெக்னிக்கில் அதையெல்லாம் கத்திக் கத்திச் சொல்லித்தந்து தொண்டை வற்றித்தான் நான் ஓய்வு பெற்றேன். சும்மா இருக்க விடாமல் நுகர்வோர் ஆணையம் கூப்பிட்டது. கார் வழக்குகளில் வண்டியை ஓட்டிப் பார்த்து அறிக்கை தருகிற வேலை. இப்போது அதையும் விட்டாயிற்று. என் வீட்டுக்காரிக்குச் சந்தோஷம். "இனி ஊர்ல உள்ளவன் வண்டிச் சத்தமெல்லாம் சாப்பாட்டு மேசையில கேக்காண்டாம்" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு. இங்கே இருப்பவர்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள், அவர்களுக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கார் வாங்கியவர் இன்ஜினில் குறை என்பார், கம்பெனி இல்லை என்னும், ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இன்ஜின் தெரியாது. அவர்கள் நம்மை அனுப்புகிறார்கள். "குறை காணப்படவில்லை" என்று நாம் ஒரு வரி எழுதினால் வழக்கு அதோடு படுத்துவிடும். அந்த ஒரு வரியை நான் எழுதப் போய், கையை இழுத்துக்கொண்ட கதை இது. உங்களில் பயந்த சுபாவம் உள்ளவர்கள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம்.

வழக்குப் போட்டவள் ஒரு பெண். பெயர் வேண்டாம். திருவனந்தபுரம் கரமனையில் வீடு, பூர்வீகம் நாஞ்சில் நாடு. பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து படுத்தவர்களின் வீட்டுக்கே போய் கையையும் காலையும் அசைக்கப் பழக்குகிறவள். நகரத்தில் அந்த வேலைக்கு நிறைய ஆள் உண்டு. வித்துராவுக்கு மேலே மலையில், எஸ்டேட் தொழிலாளிகளின் லயன் வீடுகளுக்கு யார் போவார்கள்? இவள் போவாள். அதற்காகவே வாங்கிய கார் அது.

வாங்கிய புதிதில் தனியாகப் போகவில்லை. அவளுடைய அப்பா நடமாட்டம் குறைந்துபோனவர். அவரை வீட்டில் ஒற்றைக்கு விட முடியாது. பின் இருக்கையில் இடது பக்கம் உட்காரவைத்துக் கூடவே கூட்டிப் போவாள். நோயாளி வீட்டில் இவள் வேலை முடிக்கும்வரை அவர் காரில் இருந்து ரேடியோ கேட்பார். அந்த மாதங்களில் வண்டி ஒரு தடவைகூட மக்கர் செய்ததில்லை. பிறகு அப்பா இறந்துபோனார். பதினாறு கழிந்து அவள் முதல் தடவையாகத் தனியே மலை ஏறினாள். அன்றைக்கு ஒரு வளைவில் இன்ஜின் நின்றது.

அதன்பிறகு அடிக்கடி நின்றது. தனியாகப் போகும்போது, மலையில், வளைவில். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனாள். ஓட்டிப் பார்த்தார்கள், ஸ்கேனர் போட்டார்கள், ஒன்றும் இல்லை என்று கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தார்கள். அடுத்த வாரம் மறுபடி நின்றது. மறுபடி கொண்டுபோனாள். திரும்பத் திரும்ப ரிப்பேருக்கு விட்டும் தீராத குறை இருந்தால், வண்டியை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. சர்வீஸ் கவுண்டரில் இருப்பவர் இதைச் சொல்ல மாட்டார். அவளே விசாரித்துத் தெரிந்துகொண்டு வழக்குப் போட்டாள்.

கம்பெனி தரப்பு தந்த பதிலைப் படித்தபோது எனக்கே முகம் சுளித்துப் போயிற்று. புகார்தாரர் தகப்பனாரின் மரணத்தால் மனநிலை பாதிக்கப்பட்டவர், இறந்தவர் பின் இருக்கையில் வந்து உட்காருவதாக நம்புகிறார், அந்தப் பயத்தில் தவறாக ஓட்டி இன்ஜினை அவரே நிறுத்திவிடுகிறார். இதுதான் பதிலின் சாரம். திறந்த கோர்ட்டில் இதை வாசித்தார்கள். பேச்சு எப்படியோ மலை ஏறிவிட்டது. வித்துரா பக்கம் இரண்டு வீட்டில் அவளை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தலைக்குச் சுகமில்லாதவள் கையில், படுத்துக்கிடக்கிற மனுஷனை எப்படி ஒப்படைப்பது என்று அவர்களுக்குப் பயம். ஆக, என் அறிக்கை அவளுக்கு எதிராகப் போனால் அந்தக் காரோடு இந்தப் பெயரும் அவள் தலையில் நிரந்தரமாக ஏறும்.

கூட்டுப் பரிசோதனைக்கு நாள் குறித்தேன். நம்முடைய வழக்கம் உங்களுக்குத் தெரியும். நாளைக்கு எவனும் ஒளித்துச் செய்தார்கள் என்று சொல்லக்கூடாது, அதனால் இரு தரப்பும் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். நான் ஓட்டுகிறேன். பக்கத்தில் கம்பெனி இன்ஜினியர். பின்னால் அவள், அவளுடைய வக்கீல், கம்பெனி வக்கீல்.

கிளம்பும் முன்பே ஒரு கூத்து. பின் இடது கதவைத் திறந்த கம்பெனி வக்கீல் உள்ளே பார்த்தார். இருக்கையின் தலை சாயும் இடத்தில் ஒரு துவர்த்துத் துண்டு மடித்துப் போட்டிருந்தது, அப்பாவுடையது. வண்டிக்குள் லேசான தைல வாசனை வேறு. அவர் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, "ஞான் மத்தப் பக்கம் இருந்நோளாம் சாரே, எனக்குக் காத்து வேணும்" என்று வலது ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். பேய் இருப்பதாக அவள் நம்புகிறாள் என்று பக்கம் பக்கமாக எழுதிய அதே மனுஷர்! அதோடு நிற்கவில்லை. பழவங்காடி கோயில் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். "சும்மா ஒரு ஐஸ்வர்யத்துக்கு" என்றார். அந்தப் பெண் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் பெல்ட் போட்டுக்கொண்டு மலை ஏறினோம். வண்டி தங்கமாக ஓடியது. மேலே போய்த் திரும்பி வித்துராவில் டீ குடித்தோம். கம்பெனி இன்ஜினியர் நல்ல பையன், கெட்ட எண்ணம் இல்லாதவன். "ஒரு குழப்பமும் இல்ல சாரே, எழுதிடலாமல்லே?" என்றான். எனக்கும் முதுகு வலி. வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

அப்போது அவள் டீ கிளாஸைக் கையில் வைத்தபடியே சொன்னாள். "ஆள் இருந்தா நிக்காது சார். நான் ஒத்தைக்குப் போவும்போ மட்டும்தான் நிக்கும். நான் மொதல்லயே சொன்னேன்லா?"

கம்பெனி வக்கீல் சிரித்தார். "ஆள் இல்லாதப்போதானே ஆள் வரும்" என்றார். டீக்கடைக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அவள் பேச்சில் பெரிய நம்பிக்கை வந்துவிட்டதாக நான் கதை விட மாட்டேன். ஆனால் கோபம் வந்ததும் மண்டை கொஞ்சம் வேலை செய்தது. அவள் வண்டி தனியாகப் போனால் நிற்கிறது என்கிறாள். நாங்கள் ஐந்து பேர் ஏறிக்கொண்டு ஓட்டிப் பார்க்கிறோம். சர்வீஸ் சென்டரிலும் அதே கதைதான், மெக்கானிக் ஓட்டுவான், அட்வைசர் பக்கத்தில், வாடிக்கையாளர் பின்னால். அவள் சொன்ன நிலைமையில் அந்த வண்டியை அவளைத் தவிர ஒருவரும் ஓட்டியதில்லை. நியாயமாக நடக்க வேண்டும் என்று நாம் வைத்திருக்கிற வழக்கமே அவளுக்கு எதிராகப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னொரு நாள் வாறேன். தனியாட்டு ஓட்டுவேன். நீங்க எல்லாரும் பின்னால வேற வண்டியில வாங்க" என்றேன்.

"பேயைக் காண ஒத்தைக்குத்தான் போவணுமா சாரே?" என்றார் வக்கீல்.

"ஓய், அந்தப் பக்கம் உக்காரப் பயந்தவரு நீரு. வாயை மூடும்" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீங்கள் சொல்லாதீர்கள்.

இரு தரப்பும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு அந்த நாள் வந்தது. மத்தியானம்தான் கிளம்பினேன். வித்துரா சந்தையைத் தாண்டியதும் இருபுறமும் ரப்பர், அதன் பிறகு காடு. மேலே போகப் போகப் பனிமூட்டம் இறங்கி ரோட்டில் படுத்திருந்தது. பின்னால் வந்த வண்டியின் விளக்கு ஒரு வளைவில் தெரியும், அடுத்ததில் காணாமல் போகும். கண்ணாடியில் பார்த்தால் அந்தத் துவர்த்துத்தான் தெரிந்தது. அதை எடுத்து டிக்கியில் போட்டிருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் வண்டியில் எதையும் மாற்றக் கூடாது என்று நான்தானே சட்டம் பேசியிருந்தேன்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பும்போது மணி அடித்தது. டிங், டிங், டிங். பெல்ட் போடாவிட்டால் அடிக்குமே, அந்த மணி. என் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், போட்டிருக்கிறேன். பக்கத்து இருக்கையில் ஒன்றும் இல்லை. டாஷ்போர்டைப் பார்த்தேன். இருக்கைகளின் சின்னப் படம் ஒன்று அதில் வரும். பின்னால், இடது பக்கம், சிவப்பாக எரிந்தது. அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவர் பெல்ட் போடவில்லை என்று வண்டி எனக்குச் சொல்கிறது.

நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று உடம்பு சொன்னது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். இன்ஜின் ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கியது. ஸ்டியரிங் கல்லாய் இறுகிப்போயிற்று. வண்டி ஏற்றத்தில் நின்று, மெல்லப் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். அது நின்றதும் காட்டில் ஒரு சத்தம் இல்லை. மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

அப்போது திரும்பினேன். யாரும் இல்லை. ஆனால் துவர்த்து தலைமாட்டில் இல்லை, சரிந்து இருக்கையின் மேல் விழுந்து கிடந்தது. வளைவில் சரிந்திருக்கும், வேறென்ன? இதை இப்போது சொல்கிறேன். அப்போது நான் வாய்விட்டு, "யாரது?" என்று கேட்டேன். தைல வாசனை முன்னைவிட அதிகமாக அடிப்பதாக இருந்தது. கதவைத் திறந்து ஓடிவிட வேண்டும், இல்லையென்றால் சாவியைத் திருப்பிக் கிளப்பிவிட வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. கிளப்பினால் மணி நின்றுவிடும், வண்டி ஓடும், குறை மறுபடி ஒளிந்துகொள்ளும். எதைத் தேடிப் போனோமோ அது கையில் மாட்டியிருக்கும்போது, பயத்தில் அதை விட்டுவிடக் கூடாது. இந்தத் தொழிலில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அப்போது ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்ததுதான்.

பின்னால் வந்த வண்டி வளைவில் வந்து நின்றது. இன்ஜினியர் ஓடிவந்து, "ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டா சாரே?" என்று உள்ளே கையை நீட்டினான். "தொட்டே, கையை ஒடிச்சிருவேன்" என்றேன். எல்லாரும் மணியைக் கேட்டார்கள். சிவப்பு விளக்கைப் பார்த்தார்கள். கம்பெனி வக்கீல் ரோட்டின் அந்தப் பக்கமாக நகர்ந்து நின்றார்.

அந்தப் பெண் கடைசியாக வந்தாள். இன்ஜின் நின்றதா என்று கேட்கவில்லை. "மொதல்ல மணி அடிச்சுதா சார்?" என்று கேட்டாள்.

"அடிச்சுது."

"பொறவுதானே நின்னுது?"

"ஆமா."

அவள் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, ஷாலில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பாவை நினைத்து அழுகிறாள் என்று நான் எண்ணிக்கொண்டேன். பாவமாக இருந்தது, கிட்டே போகவும் கூச்சமாக இருந்தது.

அவளுடைய வக்கீலை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, இந்த மணி சமாச்சாரம் உங்கள் புகாரில் ஏன் இல்லை என்று கேட்டேன். சின்னப் பையன், நெளிந்தான். "அவங்க சொன்னாங்க சார். நான்தான் எடுத்துட்டேன். ஆளில்லாத சீட்டுக்கு மணி அடிக்குதுன்னு எழுதினா கோர்ட்ல சிரிப்பாங்க, கேஸே போயிரும்னு நெனச்சேன்." அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, இருந்த ஒரே தடயத்தை அழித்திருக்கிறான். அதே தடயத்தைக் கம்பெனிக்காரர்கள் பேயாக்கி எழுதியிருக்கிறார்கள். கேட்டபடியே எழுதியவர் இரண்டு பக்கத்திலும் இல்லை.

வண்டியை அப்படியே இழுத்துக்கொண்டு வந்து பாலிடெக்னிக் ஷெட்டில் வைத்து, எல்லார் முன்னிலையிலும் பின் இருக்கையைத் தூக்கினோம். இன்ஜின் நிற்கிறதென்றால் முன்னால் பானட்டைத் திறப்பார்கள், பின் சீட்டுக்கு அடியில் யார் பார்ப்பார்? அங்கேதான் இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்புகிற பம்புக்குப் போகிற வயரும், ஆள் உட்கார்ந்திருப்பதைச் சொல்கிற சென்சார் வயரும் ஒரே கட்டாகப் போகின்றன. கட்டைப் பிடித்துவைக்க வேண்டிய கிளிப்பை ஃபாக்டரியில் போடவே இல்லை. கட்டு ஒரு தகட்டு விளிம்பில் உரசி உரசி, பம்பு வயரில் சில இழைகள்தான் மிச்சம் இருந்தன. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் இருக்கை அழுந்தும், கட்டு அசையாது. ஆள் இல்லாவிட்டால் வளைவில் அது ஆடும். முதலில் சென்சார் வயர் தகட்டைத் தொடும், மணி அடிக்கும். இன்னும் கொஞ்சம் ஆடினால் பம்பு வயரில் தொடர்பு விட்டு, பம்பு நின்றுபோகும். அப்பா உயிரோடு இருந்தவரை அவருடைய கனம் அந்தக் கட்டை அமுக்கிப் பிடித்திருந்தது. அறிக்கையில் இதைத் தயாரிப்புக் குறை என்று எழுதிக் கொடுத்தேன்.

கம்பெனி வக்கீல் லேசில் விடுகிறவர் இல்லை. என்னைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தார். மலையாளத்தில் நடந்தது, தமிழில் சொல்கிறேன்.

"அன்றைக்கு வண்டி நின்றபோது நீங்கள் வயரைப் பற்றித்தான் யோசித்தீர்களா?"

"இல்லை."

"பயந்தீர்களா?"

ஆணையத் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுக்க ஆள் கிடையாது. ஆமாம் என்றால் அதைப் பிடித்துக்கொண்டு, பயந்த ஆளின் அறிக்கை என்று கிழிப்பார். ஆனால் அந்த அறையில் ஒருத்தியைப் பைத்தியம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவள் கேட்ட மணியை நானும் கேட்டேன். எனக்கு வந்த பயத்தை மறைத்தால், அது அவளுக்கு மட்டும் வந்த வியாதி என்று ஆகிவிடும்.

"நன்றாகப் பயந்தேன். திரும்பிப் பார்த்து, யாரது என்று கேட்டேன்."

அறையில் யாரோ இருமினார்கள். வக்கீல் சிரித்துக்கொண்டு, "அப்படியானால் புகார்தாரரைப் போல நீங்களும் இறந்தவர் வந்திருப்பதாக நம்பினீர்கள்" என்றார்.

"ஒரு நிமிஷம் நம்பினேன். பிறகு சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். உங்கள் சர்வீஸ் சென்டரில் அதைச் செய்யவில்லை."

தலைவர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவள் எழுந்து நின்றாள்.

"நான் அப்பா வந்திருக்கிறார் என்று ஒருநாளும், யாரிடமும் சொன்னதில்லை. பின்னால் இடது பக்கத்து மணி அடிக்கிறது, அதன்பிறகு இன்ஜின் நிற்கிறது என்று சொன்னேன். அந்த சீட்டில் யார் உட்காருவார்கள் என்று சர்வீஸ் சென்டரில் கேட்டார்கள். அப்பா உட்காருவார், இப்போது அவர் இல்லை என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான்."

எனக்குச் செவிட்டில் அறைந்தது போல இருந்தது. மணி அடிக்கும், பிறகு நிற்கும். ஒரு மெக்கானிக்குக் கிடைக்க வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது. தேங்காய் உடைத்தது வக்கீல். யாரது என்று கேட்டது நான். அந்த வழக்கில் பேயை நினைக்காத ஒரே ஆள் அவள்தான்.

வண்டியை மாற்றித் தரச் சொல்லிப் பின்னால் உத்தரவு வந்தது. வேண்டாம் என்ற இரண்டு வீட்டிலிருந்தும் மறுபடி கூப்பிட்டார்களாம். அவள் போனாள். நானாக இருந்தால் போயிருக்க மாட்டேன்.

அன்றைக்கு விசாரணை முடிந்து வராந்தாவில் என்னிடம் வந்தாள். நான் முந்திக்கொண்டு, "அம்மா, நானும் நீ பேயை நம்புறதாட்டுதான் நெனச்சேன். மன்னிச்சுக்கிடணும்" என்றேன்.

"போட்டு, விடுங்க சார்" என்றாள். "பயந்தேன்னு சபையில சொன்னியளே, அது போதும். வண்டி நிக்கும்போ நானும் ஒவ்வொரு மட்டமும் நடுங்கியிருக்கேன்."

"எதுக்கு?"

"வண்டி உருண்டு பின்னால வாற லாரியில இடிச்சிருமேன்னுதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா அங்க இருந்திருந்தா எனக்கு என்ன சார் பயம்?"